மறந்துபோன விமானக் கதைகள்: டெல்டா வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நூலகங்களிலும் பள்ளிகளிலும் விமான வரலாற்றைப் பற்றிப் பேச்செழும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ரைட் சகோதரர்கள், சார்லஸ் லிண்ட்பர்க், அமீலியா ஏர்ஹார்ட் ஆகியோரைப் பற்றித் தமிழில் போதிய அளவு எழுதப்பட்டுவிட்டதால் அவர்கள் இதில் இடம்பெறவில்லை.

எவற்றை மறந்துபோன கதைகள் என்கிறீர்கள்?

முதலில் பறந்தவரையும் விபத்தில் மாண்டவரையும் உலகம் எளிதில் நினைவில் வைத்துக்கொள்கிறது. நாள் தவறாமல் தபால் சுமந்த விமானமும், பருத்திக்காட்டில் பூச்சிமருந்து தூவிய விமானமும், போர்க்காலத்தில் ஓசைப்படாமல் கடல் கடந்த விமானமும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்ததாலேயே செய்தியாகாமல் போயின. கீழே வருபவற்றுள் பெரும்பாலானவை அத்தகைய உழைப்பாளி விமானங்களின் கதைகள். பறத்தலின் வரலாறு சாகசங்களில் இருப்பதைவிடக் கால அட்டவணைகளில்தான் அதிகம் இருக்கிறது என்பது இதைத் தொகுத்தவரின் எண்ணம். வாசகர் உடன்படாமலும் போகலாம்.

அமெரிக்காவின் 'டெல்டா' விமான நிறுவனத்துக்கும் ஆற்றுப்படுகைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அந்த நிறுவனம் பயணிகளை ஏற்றுவதற்காகத் தொடங்கப்பட்டதே அன்று. அது பூச்சிமருந்து தூவப் பிறந்த நிறுவனம்.

1890களில் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைந்த பருத்திக் காய்க்கூன்வண்டு, அடுத்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தியை வரிசையாக அழித்துக்கொண்டே கிழக்கு நோக்கி நகர்ந்தது. லூயிசியானா மாநிலத்தின் டலுலா என்னும் ஊரில் அரசு வேளாண்துறையின் ஆய்வகம் ஒன்று, கால்சியம் ஆர்சனேட் பொடியை விமானத்திலிருந்து தூவிப் பார்த்தது. அதற்கென்றே ஒரு விமானத்தை வடிவமைத்த ஹஃப் டாலண்ட் நிறுவனம், 1920களின் நடுப்பகுதியில் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் 'ஹஃப் டாலண்ட் டஸ்டர்ஸ்' என்ற பிரிவை ஏற்படுத்தி, 1925இல் லூயிசியானாவின் மன்ரோ நகருக்கு அதை மாற்றியது. வேளாண் விரிவாக்க அலுவலராக இருந்த சி. இ. வூல்மன் இதில் சேர்ந்தார். வடக்கே பருத்திப் பருவம் முடிந்ததும் விமானங்களைத் தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக்கு அனுப்பி அங்குள்ள பருத்திக்குத் தூவ வைத்ததனால், ஆண்டில் பாதி நாள் சும்மா நிற்க வேண்டிய விமானங்களுக்கு முழு ஆண்டும் வேலை கிடைத்தது. குறுவையை முடித்துவிட்டுச் சம்பா நடவுக்கு வெளியூர் போகும் ஆட்களைப் பார்த்த நமக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

1928இல் வூல்மனும் உள்ளூர் முதலீட்டாளர்களும் அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கி, மிசிசிப்பி டெல்டாவை நினைந்து 'டெல்டா ஏர் சர்வீஸ்' என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரை முன்மொழிந்தவர் அலுவலகத்தில் பணியாற்றிய கேதரின் ஃபிட்ஸ்ஜெரால்ட். (அவர்கள் மனத்தில் இருந்த டெல்டா, கல்லணைக்குக் கிழக்கே விரியும் நம் படுகையைப் போல ஆறு கடலில் கலக்குமிடம் அன்று, மிசிசிப்பிக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவிலுள்ள உள்நாட்டு வண்டல் நிலம்.) 1929 ஜூன் 17 அன்று டல்லாஸிலிருந்து ஜாக்சனுக்கு முதல் பயணிகள் விமானம் சென்றது. ஆனால் மறு ஆண்டே அரசின் தபால் ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டதால் பயணிகள் சேவை நின்றுபோயிற்று. 1934இல் தபால் ஒப்பந்தம் கைக்கு வரும்வரை அந்த நிறுவனத்துக்குச் சோறு போட்டது பூச்சிமருந்துதான். உலகின் மிகப்பெரிய பயணிகள் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்த பிறகும் மருந்து தூவும் பிரிவை அவர்கள் 1966 வரை மூடவில்லை.

விமானத்திலிருந்து பூச்சிமருந்து தூவுவது எப்போது தொடங்கியது? நம் நெல்வயலுக்கு அது பொருந்துமா?

1921 ஆகஸ்ட் 3 அன்று, அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் டிராய் என்னும் ஊருக்கு அருகில், ஜான் மெக்ரெடி என்னும் இராணுவ விமானி ஓட்டிய கர்ட்டிஸ் ஜென்னி விமானத்திலிருந்து ஈய ஆர்சனேட் பொடி தூவப்பட்டது. பயனடைந்தது புழுக்கள் மொய்த்திருந்த ஒரு கட்டால்பா மரத்தோப்பு. விமானத்தின் பக்கவாட்டில் தகரப் பெட்டி ஒன்றைக் கட்டி, கைப்பிடியைச் சுழற்றிப் பொடியைக் கொட்டினார்கள். மொத்த வேலையும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. புழுக்களில் பெரும்பாலானவை செத்துப்போயின.

இந்தியாவில் இதற்கென்று ஒரு விமானம் உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டது என்பது பலருக்கும் தெரியாது. பெங்களூரின் எச்.ஏ.எல். நிறுவனம் உருவாக்கிய 'பசந்த்' என்னும் ஒற்றை இருக்கை விமானம் 1972 மார்ச் 30 அன்று முதன்முறையாகப் பறந்தது. 39 விமானங்கள் கட்டப்பட்ட பின் 1980இல் உற்பத்தி நின்றது. போர் விமானங்களுக்குக் கிடைக்கும் புகழில் நூற்றில் ஒரு பங்கும் இதற்குக் கிடைக்கவில்லை.

பொருந்துமா என்ற கேள்விக்கு, எந்தப் பூச்சி என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். இலைச்சுருட்டுப் புழு மேல் இலைகளில் இருப்பதால் வானிலிருந்து விழும் துளி அதன் மீது படும். புகையான் அப்படியல்ல. கதிர் வரும் பருவத்தில் தூரை விலக்கிக் குனிந்து பார்த்தால், நீர்மட்டத்துக்கு நாலு விரற்கடை மேலே, தண்டைச் சுற்றி அது பழுப்பு நிறத்தில் அப்பிக்கொண்டிருக்கும். மேலே இலை பச்சைப் பசேல் என்றிருக்க, அடியில் சாறு போய்க்கொண்டிருக்கும். சில நாட்களில் வயலின் நடுவே வட்டம் வட்டமாகத் தீய்ந்தாற்போல் காயும். மேலிருந்து தூவியது இலைப்பரப்பிலேயே தங்கிவிட்டால் செலவுதான் மிச்சம். எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நடச் சொல்வதும், தெளிப்பானின் முனையைத் தூரின் அடிக்குத் திருப்பச் சொல்வதும் இதனால்தான். இப்போது வாடகைக்கு வரும் டிரோன்கள் பயிருக்கு மேல் தாழப் பறப்பதால் அவற்றின் இறக்கைக் காற்று இலைகளை விலக்கித் துளிகளைச் சற்றுக் கீழே தள்ளுகிறது. பழைய மருந்து விமானத்துக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களின் மீது 1970களின் பிற்பகுதி தொடங்கி 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அங்கே மக்களுக்கு நேர்ந்த உடற்கேடுகளை ஒட்டி எழுந்த போராட்டத்தின் முடிவில், 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. கிணறும் குளமும் வீடும் வயலும் அடுத்தடுத்து இருக்கும் நம் படுகையில் வான்வழித் தெளிப்பைப் பற்றி முடிவெடுக்குமுன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உலகின் முதல் விமானத் தபால் இந்தியாவில் போனது என்பது உண்மையா?

அரசு அங்கீகாரம் பெற்ற முதல் விமானத் தபால் என்ற பொருளில் உண்மை. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து யமுனைக்கு அக்கரையிலுள்ள நைனிக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களை ஆன்ரி பெக்கே என்னும் இருபத்து மூன்று வயது பிரெஞ்சு இளைஞர் கொண்டுசென்றார். பயண நேரம் சுமார் 13 நிமிடங்கள். இங்கிலாந்தில் அரசு அங்கீகாரத்துடன் விமானத் தபால் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில்தான்.

கும்பகோணத்தில் போட்ட கடிதத்தை நள்ளிரவில் நாகபுரியில் விமானம் மாற்றுவார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது என்ன ஏற்பாடு?

இந்திய விமான வரலாற்றில் மிக அதிகமாக மறக்கப்பட்ட சாதனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். பெயர், இரவு விமானத் தபால் சேவை.

1949 ஜனவரி 30 அன்று இச்சேவை தொடங்கியது. அப்போது மத்திய அரசில் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய் இதற்குப் பின்னால் உறுதியாக நின்றார். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் புறப்படும். நான்கும் நாட்டின் நடுவிலிருக்கும் நாகபுரியில் நள்ளிரவை ஒட்டி வந்திறங்கும். தபால் மூட்டைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படும். பயணிகளும் மாறி ஏறுவார்கள். பின்னர் ஒவ்வொரு விமானமும் தான் புறப்பட்ட ஊருக்கே திரும்பி விடியலில் போய்ச் சேரும். ஆக, நான்கே விமானங்கள் ஓரிரவில் நான்கு பெருநகரங்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். நேரடியாக இணைப்பதானால் ஆறு தடங்கள் வேண்டியிருந்திருக்கும்.

நம் ஊர்க் கடிதத்தின் வழியைப் பின்தொடர்ந்து பார்த்தால் இதன் அருமை விளங்கும். கும்பகோணத்தில் மாலையில் பெட்டியில் விழுந்த உறை, இரவு ரயிலில் ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் சேவை) பெட்டிக்குள் ஊழியர்களால் ஊர்வாரியாகப் பிரிக்கப்பட்டுக் காலையில் எழும்பூரை அடையும். அன்றிரவு சென்னையில் டக்கோட்டா விமானத்தில் ஏறும். சென்னையிலிருந்து நாகபுரி நேர்கோட்டில் தொள்ளாயிரம் கிலோமீட்டர். டக்கோட்டாவின் வேகத்துக்கு மூன்றரை மணி நேரப் பயணம். அங்கே மூட்டை மாறி, மறுநாள் விடியலில் டெல்லியில் இறங்கும். 1949 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுக் கடிதங்களை விமானத்தில் அனுப்பத் தனிக் கட்டணம் வேண்டாம், எந்த வழி விரைவோ அந்த வழியில் அவை போகும் என்ற விதியும் வந்தது. விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத ஒரு நாட்டில் சாதாரண அஞ்சல் உறை விமானத்தில் போயிற்று.

இரவில் எல்லா விமானங்களும் ஒரே இடத்தில் கூடிச் சரக்கை மாற்றிக்கொண்டு கலையும் முறையால் உலகப் புகழ் பெற்ற ஃபெடெக்ஸ் நிறுவனம், மெம்ஃபிஸ் நகரிலிருந்து 14 சிறு விமானங்களோடும் 186 பொட்டலங்களோடும் தன் இரவுச் சேவையைத் தொடங்கியது 1973 ஏப்ரலில். மேலாண்மைப் பாடநூல்களில் மெம்ஃபிஸ் இருக்கிறது, நாகபுரி இல்லை. நியாயமாக, இரண்டும் இருக்க வேண்டும்.

திருச்சி எப்போது விமானப் பாதையில் இடம்பெற்றது?

ஜே. ஆர். டி. டாடா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலோடு பறந்ததை எல்லோரும் சொல்வார்கள். பம்பாயிலிருந்து அதே தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்த நெவில் வின்சென்டை யாரும் சொல்வதில்லை. 1938இல் பிரிட்டிஷ் பேரரசின் விமானத் தபால் திட்டத்தின்படி அந்தத் தடம் கொழும்பு வரை நீண்டபோது, சென்னைக்கும் கொழும்புக்கும் இடையில் திருச்சிராப்பள்ளி ஒரு நிறுத்தமாயிற்று. அதுவரை இலங்கைத் தபாலுக்கு வழி, தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏறும் போட் மெயில்தான். ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமும் தமிழர் வாழும் ஊர்களைத் தொட்டே போயிற்று: 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பின் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு.

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போரின்போது தமிழகத்தில் உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, சோழவரம் எனப் பல இடங்களில் ஓடுதளங்கள் போடப்பட்டன. தஞ்சாவூர் அவற்றுள் ஒன்று. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவற்றின் மீதும், 9ஆம் தேதி திருகோணமலையின் மீதும் குண்டு வீசியதை நினைத்தால் இந்த அவசரம் புரியும். போர் முடிந்ததும் பல தளங்கள் புல் முளைத்துக் கிடந்தன. சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்தது. தஞ்சையிலிருந்து வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் சில காலம் சென்னைக்குப் பறந்தன. 2013 மே மாதத்தில் அது விமானப்படைத் தளமாயிற்று. 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 விமானங்களைக் கொண்ட 222ஆம் படைப்பிரிவு அங்கே நிலைகொண்டது.

உலகத்தைச் சுற்றிய ஒரு விமானம் நம் ஊர் வழியாகப் போனதாகச் சொல்கிறார்களே?

அது பசிபிக் கிளிப்பர். பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 314 வகைப் பறக்கும் படகு. சக்கரம் கிடையாது, தண்ணீரில்தான் இறங்கும்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது இந்த விமானம் நியூசிலாந்தின் ஆக்லாந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த வழியே பசிபிக்கைத் தாண்டித் திரும்பினால் எதிரியின் கையில் சிக்கும். எனவே மேற்கு நோக்கிப் போய் எப்படியாவது நியூயார்க்கை அடையுமாறு தலைமை விமானி ராபர்ட் ஃபோர்டுக்கு உத்தரவு வந்தது. போகும் வழிக்கான வான்வரைபடங்கள் அவரிடம் இல்லை. ஆக்லாந்து நூலகத்துக்குப் போய்ப் புவியியல் புத்தகங்களைப் புரட்டி வழிக்குறிப்புகளைத் திரட்டிக்கொண்டார்கள்.

ஆஸ்திரேலியாவைக் கடந்து ஜாவாவின் சுரபாயாவில் இறங்கியபோது டச்சுப் போர் விமானங்கள் அதை எதிரி என்று கருதிச் சுட்டுத்தள்ளும் நிலைக்கு வந்துவிட்டன. அங்கே விமான எரிபொருள் தட்டுப்பாடாக இருந்ததால் கார்களுக்கு ஊற்றும் பெட்ரோலை வாங்கி நிரப்பிக்கொண்டார்கள். இருந்த நல்ல எரிபொருளில் மேலெழுந்து, உயரம் பிடித்த பிறகு பெட்ரோலுக்கு மாற்றியதும் எஞ்சின்கள் வெடித்து வெடித்து இருமின, ஆனாலும் நிற்கவில்லை. இலங்கையை நெருங்கும்போது மேகத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்தால் நேர் எதிரே கடல்மட்டத்தில் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி. மீண்டும் மேகத்துக்குள் புகுந்து தப்பித் திருகோணமலையில் இறங்கினார்கள். டிசம்பர் 24 அன்று அங்கிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் ஓர் எஞ்சின் பழுதாகவே திரும்பி வந்து, அதைச் சரிசெய்து, 26ஆம் தேதி கராச்சிக்குப் புறப்பட்டார்கள்.

நம் ஊரின் பேச்சு இங்கேதான் வருகிறது. நிலவரைபடத்தில் திருகோணமலையையும் கராச்சியையும் ஓர் அளவுகோலால் இணைத்தால், அந்தக் கோடு பாக் நீரிணையைத் தாண்டிக் கோடியக்கரைப் பக்கமாகக் கரையேறி டெல்டாவின் மீதே செல்கிறது. தண்ணீரில் மட்டுமே இறங்கக்கூடிய, பழுது பார்த்த எஞ்சினோடு கூடிய ஒரு விமானம், அரபிக்கடலைக் காணும்வரை இந்தியத் தீபகற்பத்தின் தரையைக் குறுக்கே கடந்தது என்பதுதான் இதில் வியக்க வேண்டிய செய்தி. பஹ்ரைன், கார்ட்டூம், காங்கோ, பிரேசில் வழியாக, ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர் பறந்து, 1942 ஜனவரி 6 அதிகாலையில் அது நியூயார்க்கில் இறங்கியது.

ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்த விமானம் எது?

சிங்கப்பூர் 1942இல் வீழ்ந்த பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே இருந்த வான்வழி அறுந்துபோயிற்று. 1943 நடுவிலிருந்து 1945 ஜூலை வரை குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து காட்டலினா பறக்கும் படகுகளைக் கொண்டு, பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கு, நடுவில் எங்கும் இறங்காமல் பறந்தது. தூரம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். எரிபொருளே சுமையை நிரப்பிவிடுவதால் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்தான் ஏற்ற முடியும். ஜப்பானியர் காதில் விழக் கூடாதென்று வானொலியை மூடிவிட்டு விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டார்கள். விமானங்களுக்கும் வேகா, ரிகல், ஸ்பைகா என்று விண்மீன் பெயர்களே. எதிர்க்காற்று இருந்தால் 32 மணி நேரம்கூட ஆகும் என்பதால் பயணிகள் நடுவானில் இரண்டு உதயங்களைப் பார்த்தார்கள்; அதற்கென்று 'இரட்டைச் சூரியோதய இரகசிய அணி' என்ற சான்றிதழும் கொடுத்தார்கள். மொத்தம் 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை. கடன் ஒப்பந்தத்தின்படி போருக்குப் பின் அவை கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

ரைட் சகோதரர்களுக்கு முன்பே 1895இல் பம்பாயில் ஓர் இந்தியர் விமானம் பறக்கவிட்டாரா?

சிவ்கர் பாபுஜி தள்பாடே சௌபாட்டிக் கடற்கரையில் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டார் என்ற செய்தி பள்ளி விழாக்களில் தவறாமல் சொல்லப்படுகிறது. அதை உறுதிப்படுத்தும் சமகாலச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. இதற்கு அடிப்படையாகக் காட்டப்படும் 'வைமானிக சாஸ்திரம்' பண்டைய நூலன்று. அது 1918க்கும் 1923க்கும் இடையில் சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்ல எழுதப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 1974இல் அதை ஆராய்ந்து, அதில் வரையப்பட்டுள்ள ஊர்திகள் பறக்கவல்லவை அல்ல என்று காரணத்தோடு நிறுவினார்கள்.

பெருமைப்பட வேண்டுமென்றால் பக்கத்திலேயே உண்மைக் கதை இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய, கார்சிகாவிலிருந்து வந்த ஜியாகோமோ டேஞ்சலிஸ், தாமே வடிவமைத்த விமானத்தைச் சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் கட்டுவித்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவைத்துப் பார்த்தார். ரைட் சகோதரர்களுக்கு ஏழாண்டுகளுக்குள் நம் பட்டறை ஆட்கள் விமானம் கட்டிவிட்டார்கள்.

விமானம் ஓட்டிய தமிழ்ப் பெண்களில் முற்காலத்தவர் யார்?

உஷா சுந்தரத்தைச் சொல்லலாம். 1949இல் பெங்களூர் ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறினார். சென்னை அரசுக்காக வாங்கப்பட்ட டவ் வகை விமானத்தை அவரும் கணவர் வி. சுந்தரமும் இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். அவர்கள் பெயரை இன்று பலர் அறிந்திருப்பது விலங்குநல அமைப்பான புளூ கிராஸ் மூலமாகத்தான்.

காவிரியின் பெயரில் ஒரு விமான எஞ்சின் இருக்கிறதாமே?

இருக்கிறது. பெங்களூரிலுள்ள எரிவளிச் சுழலி ஆய்வு நிறுவனம் தேஜஸ் போர் விமானத்துக்காக உருவாக்க முனைந்த ஜெட் எஞ்சினுக்குக் 'காவேரி' என்று பெயர். 1989இல் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. எஞ்சினின் நடுப்பகுதியான உட்கருவுக்குக் 'கபினி' என்று பெயரிட்டார்கள்; கபினி நீர் காவிரியில் சேர்வதுபோல் கபினியைச் சுற்றிக் காவேரி கட்டப்பட்டது. பெயரிட்டவருக்கு ஆற்றின் போக்கு தெரிந்திருக்கிறது.

1990களின் நடுவில் எஞ்சின் தரையில் ஓடத் தொடங்கியது. சிக்கல் வெப்பத்தில் இருந்தது. சுழலி அலகுகளை (எஞ்சினுக்குள் சுழலும் தகடுகளை) தாக்கும் வாயுவின் சூடு, அந்த அலகு செய்யப்பட்ட உலோகம் உருகும் நிலையையும் தாண்டக்கூடியது. அதைத் தாங்க, அலகு முழுவதும் ஒரே படிகமாக வார்க்கப்பட வேண்டும், உள்ளே மயிரிழைத் துளைகள் வழியாகக் குளிர்காற்று ஓட வேண்டும். இந்த வார்ப்புக் கலையை வைத்திருக்கும் நாடுகள் சிலவே. அவை விற்கவும் மாட்டா, கற்றுத்தரவும் மாட்டா. குறியிலக்கு 81 கிலோநியூட்டன் உந்துவிசை. எட்டியது ஏறத்தாழ 70. எடையும் திட்டமிட்டதைவிடக் கூடிற்று. 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து காவேரி பிரிக்கப்பட்டது. தேஜஸ் இன்றும் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது.

இதோடு கதையை முடித்து, தோல்வி என்று எழுதிவிடுவது பத்திரிகைகளின் வழக்கம். ஆனால் 2010 நவம்பர் 3 அன்று மாஸ்கோவுக்கு அருகே ஓர் இலியூஷின்-76 விமானத்தில் பொருத்தப்பட்டுக் காவேரி வானில் ஓடியது. கப்பல்களுக்கான வடிவமும் விசாகப்பட்டினத்தில் சோதிக்கப்பட்டது. பின்எரிப்பு (கூடுதல் விசைக்காக எஞ்சினின் பின்பகுதியில் மீண்டும் எரிபொருளை எரிப்பது) இல்லாத வடிவத்தை ஆளில்லாப் போர் விமானங்களுக்குப் பயன்படுத்தும் வேலை தொடர்கிறது.

2024இல் திருச்சி வானில் ஒரு விமானம் ஏன் அத்தனை நேரம் வட்டமடித்தது?

அக்டோபர் 11 அன்று 141 பேருடன் சார்ஜா புறப்பட்ட அந்த விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. நீண்ட பயணத்துக்கென நிரப்பிய எரிபொருளோடு இறங்கினால் எடை மிகுதி. போயிங் 737 வகைக்கு எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி இல்லாததால், பறந்தே எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தொலைக்காட்சிகள் காட்டிய பதற்றத்துக்கு மாறாக, விமானிகள் செய்துகொண்டிருந்தது நிதானமாகக் காத்திருக்கும் வேலை. 2018 அக்டோபர் 12 அதிகாலையில் துபாய் புறப்பட்ட விமானம் ஓடுபாதைக்கு வெளியே சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு எழுந்து, மும்பையில் 136 பேருடன் நலமாக இறங்கியதே, அதுதான் உண்மையில் அச்சப்பட வேண்டிய நிகழ்ச்சி.

நாகப்பட்டினத்துக் கப்பல் நின்றதற்கு விமானம்தான் காரணமா?

பெரும்பகுதி ஆம். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. டெல்டாவிலிருந்து மலேயாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தே வங்கக் கடலைக் கடந்தார்கள். 1973இல் அது ஓய்வு பெற்றபின் 'சிதம்பரம்' என்ற கப்பல் அந்தத் தடத்துக்கு வந்தது. ஜெட் விமானங்கள் பெருகப் பெருக, நாட்கணக்கான பயணத்துக்கு ஆள் குறைந்தார்கள். மூட்டை முடிச்சு அதிகமாக வைத்திருந்த சிறு வணிகர்களுக்கும் கட்டணத்தைப் பார்ப்பவர்களுக்கும் மட்டும் கப்பல் தேவைப்பட்டது. 1985 பிப்ரவரி 12 அன்று நடுக்கடலில் 'சிதம்பரம்' தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததோடு அந்தச் சேவை முடிவுக்கு வந்தது. இன்று அதே ஊர்க்காரர்கள் திருச்சியில் ஏறி நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்குகிறார்கள். 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்ட திருச்சியின் புதிய முனையத்தில், பெட்டியை எடைபோடும் இடத்தில் நின்று பார்த்தால், கிலோ கூடிவிட்டதென்று ஊறுகாய்ப் பாட்டிலையும் முறுக்குப் பொட்டலத்தையும் வெளியே எடுத்துக் கைப்பைக்கு மாற்றுகிறவர்களைக் காணலாம். ரஜூலாவின் மேல்தளத்தில் அந்தத் தொல்லை இருக்கவில்லை.